ஏணி ஏறி வந்த விருந்தாளிகள்

கறிக்குழம்பு கொதித்து அடங்கிவிட்டது. சோற்றை வடித்துப் பாயில் குவித்து வெள்ளைத் துணியால் மூடியாகிவிட்டது. சமையல்காரர் கத்தரிக்காய்க் கூட்டின் மேல் ஒரு கை கொத்தமல்லியைத் தூவிவிட்டு, இனி இலை போடலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டார். இலையும் போட்டாகிவிட்டது. உட்காரத்தான் ஆள் இல்லை.

பந்தல் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள் ஏசம்மாள். ராஜபாளையத்தில் மில் ரோட்டை ஒட்டிய அந்தச் சிறிய சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவள்தான் தலைவி. தொழில், நைட்டி தைக்கிற பட்டறை. தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அவள் ரகசியம் சொன்னாலும் அது அறிவிப்பாகத்தான் காதில் விழும். கணவர் காலமாகிப் பல வருஷமாகிறது. ஒரே மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். ஆகவே வீட்டில் காட்ட முடியாத அதிகாரம் முழுவதையும் அவள் சபையில் காட்டி வந்தாள்.

அன்று அசனம். வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்து, இருப்பவன் இல்லாதவன் பார்க்காமல் ஒரே பந்தியில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அந்த வருஷம் பக்கத்தில் உட்காரவே ஆளில்லாமல் போனதற்குக் காரணம் ஜெபா.

சபையிலேயே வசதியான வீட்டுக்காரி ஜெபா. அவள் மகளுக்கு அதே நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில், மாப்பிள்ளை வீட்டுச் சபையில் கல்யாணம். அசனத்தை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். போன கிறிஸ்மஸில் சங்கத்துக் கேக்கை யார் வெட்டுவது என்ற தகராறிலிருந்து ஜெபாவோடு முகம்கொடுத்துப் பேசாத ஏசம்மாள், அந்த மரியாதையையே அவமரியாதையாக எடுத்துக்கொண்டாள்.

“கல்யாணத்த வேணும்னா தள்ளிக்கோ. ஆண்டவர் பந்தியத் தள்ளுறதுக்கு எனக்கு அதிகாரமில்ல” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கல்யாண வீட்டுப் பஸ் இரண்டும் அன்று காலையில் சரியாகச் சபைக் கோயில் வாசலில் வந்து நின்றன. அசனத்துக்கென்று சலவை வேட்டி கட்டி வந்தவர்கள் பஸ்ஸைப் பார்த்தார்கள், பந்தலைப் பார்த்தார்கள், பஸ் பக்கமாகக் காற்றில் வந்த ‘பிரியாணி’ என்ற சொல்லைக் கேட்டார்கள். “தலையக் காட்டிட்டு வந்திருதோம்க்கா” என்று ஏறினார்கள். அப்படித் தலையைக் காட்டப் போனவர்களில் பாடகர் குழுவும் இருந்தது, பரிமாற வேண்டிய வாலிபர் சங்கமும் இருந்தது.

மிஞ்சியவர்களை ஒரு வேனில் அடைத்துவிடலாம். செயலாளர் வில்சன், போதகர் செல்வின், பஸ் ஏறினால் வாந்தி எடுக்கிற இரண்டு பேர், ஜெபாவுக்கு ஆகாதவர்கள், இன்னும் சிலர்.

உள்ளதைச் சொன்னால், அந்தச் சபை ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த சபைதான். ஆராதனைக்கு வருகிறவர்கள் பரீட்சை எழுத வந்தவர்கள் போல ஆளுக்கொரு பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்காருவார்கள். மின்விசிறியை எங்கே மாட்டுவது என்ற சண்டையில் ஒரு கூட்டம் பிரிந்து மம்சாபுரம் பக்கம் தனியாகப் போய்விட்டது. போதகர் செல்வின் சின்ன வயசுக்காரர், புதிதாக வந்தவர். முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே, “இந்தச் சபை எதுக்காக இருக்குது?” என்று கேட்டுவிட்டார். வில்சன் அதைப் பொறுப்பாக மூன்றாவது பொருளாகக் குறித்துக்கொண்டார். மைக் ரிப்பேர் இரண்டாவது பொருள். அதிலேயே கூட்டம் முடிந்துவிட்டது.

“இம்புட்டையும் என்ன செய்ய?” என்றார் வில்சன், அண்டாவை எட்டிப் பார்த்து. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் பெருமூச்சோடு சேர்த்துத்தான் சொல்வார்.

அநாதை இல்லங்களுக்குப் போன் போட்டார்கள். ஒரு இல்லத்தில் அன்று யாருக்கோ பிறந்த நாள், பாயசத்தோடு சாப்பாடு முடிந்துவிட்டதாம். இன்னொரு இல்லத்தில், விடுமுறை நாள் எல்லாம் கிறிஸ்மஸ் வரைக்கும் புக் ஆகிவிட்டது, செவ்வாய்க்கிழமை ராத்திரி வேண்டுமானால் காலியாக இருக்கிறது, அதுவும் இட்லி என்றால்தான் தோதுப்படும் என்றார்கள்.

போதகர் கோயிலின் பின்மதிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “பின்னால இருக்காங்களே.”

மதிலுக்கு அந்தப் பக்கம் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு. வீட்டுக்குள்ளே தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற சனம். கோயில் தெருவைக் கூட்டுவது, சாக்கடை அள்ளுவது எல்லாம் அவர்கள்தான். கோயில் மணி அடித்தால் அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் வீட்டில் குழந்தை அழுதால் பீடத்தில் நிற்கிற போதகருக்குக் கேட்கும். அவ்வளவு பக்கம். இருந்தும் இந்தப் பக்கத்து ஆள் ஒருவர்கூட அந்தப் பக்கம் போனதில்லை.

“வாளில ஊத்துங்க, நானே கொண்டு போறேன்” என்றாள் ஏசம்மாள். யாராவது சாப்பிட்டால் சரி, ஜெபா திரும்பி வரும்போது அண்டா காலியாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அப்போது அவள் மனசில் இருந்தது.

மதிலுக்குப் பின்னாலேயே இருக்கிற இடத்துக்குப் போக, வாசல் வழியாக வெளியே வந்து, தெருவைச் சுற்றி, மில் ரோட்டில் திரும்பி, சாக்கடைப் பாலத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. வில்சன் ஒரு வாளியும் அவள் ஒரு வாளியுமாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இருவருக்கும் மூச்சு இரைத்தது. முதல் வீட்டு வாசலில் அவள் வயசொத்த ஒருத்தி தலைமுடியை உலர்த்திக்கொண்டு நின்றாள். பெயர் குருவம்மாள். அவர்கள் தெருவைக் கூட்டுகிறவளே அவள்தான். ஆனால் அந்தப் பெயரை ஏசம்மாள் அன்றைக்குத்தான் கேட்டாள்.

“சாப்பாடு கொண்டாந்திருக்கோம்மா. ஆட்டுக்கறி. ஏனம் எடுத்துட்டு வாங்க.”

குருவம்மாள் வாளியைப் பார்த்தாள். “கோயில்ல விருந்து முடிஞ்சிருச்சாம்மா?”

“இன்னும் ஆரம்பிக்கல.”

“ஆரம்பிக்கும் முன்னாலயே மிச்சமா?”

ஏசம்மாள் வாளியைக் கை மாற்றிக்கொண்டாள்.

“மிச்சம்னா வேண்டாம்மா” என்றாள் குருவம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, கடைக்காரனிடம் கத்தரிக்காய் வேண்டாம் என்பது போலச் சொன்னாள். “எல்லா வீட்டு மிச்சத்தையும் விடியக்காலம் வண்டியில அள்ளத்தான செய்யுறோம். அத வீட்டுக்கும் கொண்டு வரணுமா? கூப்பிட்டீகன்னா வந்து உக்காந்து சாப்பிடுவோம். கொண்டாந்து ஊத்துனா வேண்டாம்.”

“கூப்பிட்டா வருவீகளா?”

“இது வரைக்கும் யாரு கூப்பிட்டா, வராம இருந்தோம்?”

ஏசம்மாளுக்கு உச்சி வெயில், வாளியின் கனம், காலையிலிருந்து அடக்கி வைத்த ஆத்திரம் எல்லாம் சேர்ந்து வந்தது. வாளியை டக்கென்று கீழே வைத்தாள். “இந்தா பாரு தாயி, உள்ளதச் சொல்லிர்றேன். எங்க சனம் பூரா பிரியாணி திங்க வில்லிபுத்தூர் போயிருச்சு. பந்தல்ல ஈயாடுது. இலையப் போட்டுட்டு நான் கிறுக்கச்சி மாதிரி நிக்கேன். ஒருத்தரும் வரலைன்னுதான் உங்ககிட்ட வந்தேன். அவிய வந்திருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன். அம்புட்டுத்தான்.”

வில்சன் கண்ணை மூடிக்கொண்டார். குருவம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குத் தெலுங்கில் விஷயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

“அட, இத முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? ஒரு பொம்பள பந்தலப் போட்டுட்டு அவமானப்பட்டு நின்னா பாத்துக்கிட்டு இருப்போமா? நீங்க போங்க. வாரோம்.”

வாளி இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார்கள். “நாம உபகாரம் பண்ணப் போனோமா, அவுக நமக்குப் பண்ணுதாகளா?” என்று சாக்கடைப் பாலத்தில் வைத்து வில்சன் கேட்டார். “பேசாம வாரும் அண்ணாச்சி” என்றாள் ஏசம்மாள்.

வருகிறோம் என்றவர்கள் உடனே வரவில்லை. குழம்பை இரண்டாவது முறை சுடவைத்தார்கள். வில்சன் வாசலுக்கும் அண்டாவுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது பின்மதிலின் மேல் ஒரு தலை தெரிந்தது. நரைத்த மீசை, பவுடர் போட்ட முகம், வெளுத்த சட்டை. குருவம்மாளின் புருஷன் முத்துவீரன். வெள்ளையடிக்கிற தொழிலாளி.

“ஐயாமாரே, கிழடு கட்டைகளுக்கெல்லாம் சுத்தி வர முட்டு தாங்காது. இந்தப் பக்கம் என் ஏணியச் சாத்திருக்கேன். அந்தப் பக்கம் இறங்க ஏதாவது இருக்கா?”

கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டுகிற இரும்பு ஏணியைப் போதகரே தூக்கி வந்து சாத்தினார். அதற்குப் பிறகு நடந்ததை ராஜபாளையத்தில் வேறு எந்தக் கோயிலும் பார்த்திருக்காது. குளித்து, தலைவாரி, மல்லிகைப்பூ வைத்து, பெட்டியிலிருந்து கல்யாணப் பட்டை எடுத்து உடுத்தியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக மதில் மேல் தோன்றினார்கள். கொசுவத்தை ஒரு கையிலும் ஏணியை ஒரு கையிலும் பிடித்து, “பாத்து, பாத்து” என்று இருபக்கமும் சத்தம் எழும்ப இறங்கினார்கள். போதகர் அங்கியோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிறவர்களின் கால் தெரியாதபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ தரிசனம் காண்கிறார் என்று தோன்றும்.

குருவம்மாள் கடைசியாக வந்தாள். கையில் ஒரு தாம்பாளம். வாழைப்பழம், வெற்றிலை, மஞ்சள் குங்குமம் வைத்த தேங்காய்.

“வெறுங்கையோட விருந்துக்கு வரக் கூடாதில்ல.”

வில்சன் தேங்காயின் குங்குமத்தையும் பீடத்தின் சிலுவையையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்குச் சபைச் சட்டத்தில் என்ன விதி என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் ஏசம்மாள் இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிவிட்டாள். “தேங்கா எந்தச் சாமிக்கு அண்ணாச்சி சொந்தம்?” என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தாள். பந்தல் முழுக்கக் கேட்டது.

பந்தி நிறைந்தது. பரிமாற ஆள் போதாமல் சாப்பிட்டு எழுந்தவர்களே வாளியைத் தூக்கினார்கள். முத்துவீரன் குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு, உப்பு ஒரு கல் கம்மி என்று தைரியமாகச் சொன்னார். சமையல்காரர் கோபித்துக்கொண்டு, பிறகு தானும் ருசி பார்த்து, ஒத்துக்கொண்டார். சபைக்காரர்கள் தள்ளித் தள்ளி உட்கார இடமே இல்லாததால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். வாந்தி வரும் என்று பஸ் ஏறாத இரண்டு பேரும் மூன்றாவது முறை சோறு வாங்கினார்கள்.

கை கழுவிவிட்டு வந்த குருவம்மாள் எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னாள், “வார செவ்வா எங்க காளியாத்தாளுக்குப் பொங்கல். நீங்க அம்புட்டுப் பேரும் எங்க வீட்ல சாப்பிட வரணும். வரலைன்னா கோவிச்சுக்கிடுவோம்.”

சிரிப்பும் பேச்சுமாக இருந்த சபைக்காரர்கள் சட்டென்று இலைமேல் குனிந்து சோற்றைப் பிசைந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. கல்யாணத்துக்குப் போனவர்களும் வந்திருந்தார்கள். பிரியாணி ஆறிப்போயிருந்ததாகவும், இங்கே பந்தி நிரம்பி வழிந்ததாகவும் ஊரில் பேச்சு. அதனால் பார்க்காததைப் பற்றி அவர்களுக்குத்தான் அதிகக் கருத்து இருந்தது.

ஒருவருக்குச் சுகர், வெளியில் சாப்பிடக் கூடாது. ஒருவருக்குப் பிரஷர். ஒருவர் செவ்வாய்க்கிழமைகளில் உபவாசம். போன வாரம் வரைக்கும் அப்படி ஒரு வழக்கம் அவருக்கு இருந்ததாக அவர் மனைவிக்கே தெரியாது. கடைசியில் வில்சன் எழுந்து, “விக்கிரகத்துக்குப் படைச்சத நாம எப்படிச் சாப்பிட? இது விசுவாசப் பிரச்சினை” என்றார். எல்லாருக்கும் பெரிய நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது.

“அத அந்தம்மா அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாங்க” என்றார் போதகர். “படைக்கிறதுக்கு முன்னாலயே நமக்குத் தனியா எடுத்து வச்சிருவாங்களாம். ‘உங்க சாமி கோவிச்சுக்கிட வேண்டாம், எங்க ஆத்தாகிட்ட நான் சமாதானம் சொல்லிக்கிடுதேன்’னாங்க.”

காரணம் போய்விட்டது. மிஞ்சியிருந்த காரணத்தை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

ஏசம்மாளும் தரையைத்தான் பார்த்தாள். அவள் வயிற்றுக்குள்ளும் அதே காரணம் சுருண்டு கிடந்தது. அந்த வீட்டு ஏனத்தில், அந்த வீட்டுக் கை பிசைந்த சோற்றை நினைத்ததும் அவளுக்குக் குமட்டியது. ஒரு நிமிஷம்தான். அதற்குப் பிறகு குமட்டியது தன்னை நினைத்து. ‘அவமானப்பட்டு நின்னா பாத்துக்கிட்டு இருப்போமா’ என்று கல்யாணப் பட்டை உடுத்தி மதில் ஏறி வந்தவளுக்கு, சுகர் என்றா பதில் சொல்வது?

“நம்ம சோத்த அவிய சாப்பிட்டா அன்பு. அவிய சோத்த நாம சாப்பிட்டா விசுவாசப் பிரச்சினையா?” என்று எழுந்தாள். “நான் போறேன். யாரு யாரு வாரீகன்னு எனக்குத் தெரியாது. ஆனா வீட்டுக்கு வீடு வந்து வெத்தல பாக்கு வச்சு அழைப்பேன். முடியாதுன்னா எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்.”

அந்த மூஞ்சியைப் பார்த்து முடியாது என்று சொல்ல சபையில் யாருக்கும் பழக்கமில்லை.

முதலில் அவள் போய் நின்றது ஜெபா வீட்டு வாசலில். ஜெபா கதவைத் திறந்து, நம்ப முடியாமல் நின்றாள்.

“மக கல்யாணத்துக்கு வராதது என் தப்பு, ஜெபா. கேக்க நீயே வெட்டிக்கோ. இப்ப செவ்வாக்கிழம குருவம்மா வீட்டுக்குச் சாப்பிட வா.”

“யாரு குருவம்மா?”

“நம்ம தெருவக் கூட்டுதாளே, அவ. எனக்கும் போன வாரம்தான் பேரு தெரியும்.”

செவ்வாய்க்கிழமை குடியிருப்பு வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. “ரண்டி, ரண்டி!” என்று தெலுங்கில் வரவேற்றுக் கைபிடித்து உள்ளே அழைத்தார்கள். சபையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் வந்திருந்தார்கள். ஜெபா வந்திருந்தாள். வில்சனும் வந்திருந்தார், தோள்பையில் வீட்டுத் தண்ணீர் பாட்டிலோடு. இலை முன்னால் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவர் பாட்டிலை எடுத்தபோது குருவம்மாள் பார்த்துவிட்டாள்.

“அண்ணாச்சி, அதென்ன, உங்க கோயில் தீர்த்தமா?”

வில்சனின் காது சிவந்தது. “இல்ல… மருந்து… மருந்துத் தண்ணி” என்றார். முத்துவீரன் அக்கறையாக, “என்ன சீக்கு? செத்த காட்டுங்க, எனக்கும் முட்டு வலி இருக்கு, நானும் ஒரு மடக்குக் குடிக்கேன்” என்று வாங்கி அண்ணாந்து குடித்தார். முகம் மலர்ந்தது. “அட, சக்கரை மாதிரி நல்ல தண்ணில்லா இது! ஏய், இங்க வாங்க, குடிச்சுப் பாருங்க.” பாட்டில் கைமாறிக் கைமாறிப் போய்க் காலியாகத் திரும்பியது. வேறு வழியில்லாமல் வில்சன் இலை ஓரத்து டம்ளரை எடுத்துக் குடித்தார். குடித்த வேகத்தில் இருமினார். உப்பு.

“இதையா குடிக்கீக?”

“போர்த் தண்ணி அப்பிடித்தான். நல்ல தண்ணிக்கு மில் ரோட்டு முக்குக்குப் போய்த் தூக்கிட்டு வரணும்” என்றாள் குருவம்மாள். “முன்ன இங்கயே ஒரு தெருக்குழாய் இருந்துச்சு. உங்க கோயிலுக்கு மதில் எழுப்புனாங்கல்ல, அப்ப குழாய் உள்ள மாட்டிக்கிச்சு. போறதுக்கு இருந்த பாதையும் அடைபட்டுப் போச்சு.”

போதகர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கோயில் வளாகத்தில் குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற அந்தக் குழாய் எல்லாருக்கும் தெரியும். நல்ல தண்ணீர் குடித்து அந்தச் செடிகள் ஆளுயரம் வளர்ந்திருந்தன. அந்த மதிலை எழுப்பியது யார் என்பதும் தெரியும். மதிலில் பளிங்குக் கல்லே பதித்திருக்கிறது: பெண்கள் ஐக்கிய சங்கத்தின் அன்பளிப்பு, தலைவி ஏசம்மாள்.

ஏசம்மாள் கறித்துண்டை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். “ஏன் ஒருத்தரும் வந்து கேக்கல?” என்றாள் கடைசியில்.

“கேட்டோமே. உங்க கேட்டுல நின்னு கேட்டோம். ‘செயலாளர்கிட்ட மனு குடுங்க’ன்னாங்க.”

எல்லாரும் வில்சனைப் பார்த்தார்கள். வில்சன் இலையைப் பார்த்தார்.

அந்தச் சங்கடத்தை உடைத்தது ஜெபாதான். சுகர் என்று சொல்லிக்கொண்டு வந்தவள், இரண்டாவது முறை சர்க்கரைப் பொங்கல் கேட்டு இலையை நகர்த்தினாள். “என்னத்துக்குப் பொலம்பணும்? சுவத்த உடச்சு ஒரு கதவப் போட்டாப் போச்சு. கதவு எங்க வீட்டுச் செலவு” என்றாள் வாய் நிறையப் பொங்கலோடு. அவளை அன்றைக்குத்தான் ஏசம்மாளுக்குப் பிடித்தது.

மறுநாளே கமிட்டியைக் கூட்டினார்கள். வில்சன் விதிமுறைப் புத்தகத்தோடு வந்தார். சொத்து சம்பந்தப்பட்டது, மேலிடத்துக்கு எழுத வேண்டும், அனுமதி வர வருஷமாகலாம், அதுவரை ஒரு துணைக் குழு போடலாம் என்றார்.

“அண்ணாச்சி, பைபிள்ல எரிகோ மதிலு இடிஞ்சு விழுந்துச்சே, அதுக்கு யாரு பெர்மிஷன் குடுத்தா?” என்று கேட்டாள் ஏசம்மாள்.

போதகர் சிரிப்பை அடக்க இருமினார். பிறகு, மேலிடத்துக்குத் தானே எழுதி, திட்டு வந்தால் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். “முதல் கூட்டத்துல நான் ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா? மூணாவது பொருள். அத இனி கேக்கல. எடுத்திருங்க.”

சனிக்கிழமை முத்துவீரன் கடப்பாரையோடு வந்தார். குடியிருப்பு ஆட்கள் அந்தப் பக்கமிருந்தும், வாலிபர் சங்கம் இந்தப் பக்கமிருந்தும் இடித்தார்கள். இரண்டு கூட்டமும் வேறு வேறு இடத்தில் இடித்ததால் ஒரு கதவுக்கு இரண்டு ஓட்டை விழுந்தது. சரியான ஓட்டை எது என்பதில் கொஞ்ச நேரம் சண்டை. கடைசியில் ஒன்றைக் கதவுக்கு வைத்துக்கொண்டு, மற்றதைக் காற்றுக்கு என்று விட்டுவிட்டார்கள். பளிங்குக் கல்லை மட்டும் முத்துவீரன் ஒரு கீறல் விழாமல் பெயர்த்தெடுத்து, ஏசம்மாளிடம் கொண்டுவந்து நீட்டினார்.

“பேரு போட்ட கல்லு. எங்க வைக்கட்டும்?”

“எங்கயாவது உபயோகமா வைங்க” என்றாள் ஏசம்மாள், வெட்கத்தில்.

குழாயடியில் துணி துவைக்க வாகாகச் சாய்த்துப் போட்டுவிட்டார். அன்று முதல் குருவம்மாள் ஏசம்மாளின் பெயர் மேல்தான் சேலையை அடித்துத் துவைத்தாள்.

கதவு வந்த பிறகு சபை மாறியது என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். நடந்ததெல்லாம் சின்ன விஷயங்கள். முத்துவீரனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஜெபாவின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார். கையுறை தராமல் வேலை வாங்கிய ஒப்பந்தக்காரனிடம் குடியிருப்புப் பெண்கள் சண்டைக்குப் போன அன்று, ஏசம்மாளும் சங்கத்தைத் திரட்டிக்கொண்டு பின்னாலேயே போய் நின்றாள். அவள் குரலைக் கேட்ட ஒப்பந்தக்காரன் கையுறையோடு பூட்ஸும் தருவதாக ஒத்துக்கொண்டான். வில்சன் சாயங்காலமானால் கதவைத் தாண்டிப் போய் முத்துவீரனோடு ஆடுபுலி ஆட்டம் ஆடித் தோற்றார். உப்புத் தண்ணீரைப் பற்றி இப்போது அவரே நகராட்சிக்கு மனு எழுதினார். பெருமூச்சு மட்டும் குறையவில்லை.

மேலிடத்திலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். மதிலைப் பார்த்தார், இரண்டு ஓட்டையையும் பார்த்தார். “இதனால எத்தன பேரு சபையில சேந்தாங்க?” என்று கேட்டார்.

“அவங்கள்ல யாரும் சேரலை ஐயா” என்றார் போதகர். “எங்க ஆளுங்கதான் ஒருத்தரோட ஒருத்தர் சேந்திருக்காங்க.”

மழைக்காலத்தில் ஏசம்மாளுக்குப் பித்தப்பையில் கல். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். மகன் ஓசூரிலிருந்து வந்து, இருந்து, லீவு முடிந்து திரும்பிவிட்டான். அவன் போன மறுநாள் வார்டுக்குள் குருவம்மாள் நுழைந்தாள், கையில் ரசத் தூக்குவாளி. பின்னால் ஜெபா, ஆரஞ்சுப் பழம். அவளுக்குப் பின்னால் வில்சனோடு, குடியிருப்பும் சபையுமாக ஒரு கூட்டம்.

நர்ஸ் மறித்தாள். “சொந்தக்காரங்க ரெண்டு பேருக்கு மேல விட முடியாது. நீங்கல்லாம் யாரு?”

“பக்கத்து வீடு” என்றாள் குருவம்மாள்.

“இத்தன பேருமா?”

“பெரிய வீடும்மா.”

நர்ஸ் சோர்ந்துபோய் வழிவிட்டாள். குருவம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நோயாளி ஓய்வெடுக்க வேண்டும் என்று எல்லாரையும் அதட்டிவிட்டு, தான் மட்டும் வாய் ஓயாமல் பேசினாள்.

“நேத்து உங்க வில்சன் அண்ணாச்சி உங்களுக்காக மைக்குல ஜெபம் பண்ணாரு மதினி. நாங்களும் போய் நின்னோம். அம்மாடி, எம்புட்டு நேரம்! எங்க வீட்டுக்காரரு தாங்க மாட்டாம, ‘அண்ணாச்சி, மதினிக்குப் பாதியிலயே கொணமாயிருக்கும், மிச்சத்த வேற ஆளுக்கு வச்சிக்கிடுங்க’ன்னுட்டாரு. கோயிலே சிரிச்சிருச்சு.”

“ஏட்டி, சிரிக்க வைக்காத. வலிக்கி” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள் ஏசம்மாள். கண்ணில் நீர் வந்தது. சிரிப்பினாலா வேறு எதனாலா என்று குருவம்மாள் கேட்கவில்லை. தூக்கைத் திறந்து ரசத்தை ஊற்றினாள்.

குடித்துக்கொண்டே ஏசம்மாள் பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். அங்கே ஒரு நடுவயசுப் பெண் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இந்தக் கட்டிலின் சிரிப்பை அவள் முதுகு கேட்டுக்கொண்டிருந்தது.

“மம்சாபுரத்துக்காரி. பேரு அனுசியா. வந்து நாலஞ்சு நாளாச்சு, ஒரு குஞ்சு எட்டிப் பாக்கல” என்றாள். ரகசியமாகச் சொல்வதாகத்தான் நினைத்தாள். வார்டு முழுவதும் கேட்டது. முதுகு மெல்ல அசைந்தது.

குருவம்மாள் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “வில்சன் அண்ணாச்சி, அந்த நாற்காலிய இங்க தூக்கிப் போடுங்க” என்றாள். பிறகு அந்தக் கட்டில் பக்கம் போய்க் குனிந்தாள்.

“ரசம் இருக்கு தாயி. சுடச்சுட இருக்கு. எந்திரிச்சு உக்காரு, எங்க கூடச் சேந்து குடி.”